பெட்டிக்குள் போனவரின் கதையைப் பிள்ளைகளுக்கு எதுவரை சொல்வது?

பிப்ரவரி 2

ஒரு தாய் கேட்டிருந்த கேள்வி இது: "மகளுக்கு ஏழு வயது. பள்ளியில் கருப்பின வரலாற்று மாதம் என்று அமெரிக்காவில் அடிமையாக இருந்து தப்பி, மற்றவர்களையும் மீட்ட ஹேரியட் டப்மன் படம் வரைந்து கொண்டுவந்தாள். விடுதலை தேடிப் போனவர்களின் உண்மைக் கதைகளை வீட்டில் தமிழில் சொல்ல ஆசை. ஆனால் சாட்டை, ஏலம், பிள்ளையைப் பிரிப்பது எல்லாம் வருகிறதே, பயந்துவிடுவாள். தப்பித்த சாகசத்தை மட்டும் சொன்னால் போதாதா?"

போதாது. எதிலிருந்து தப்பித்தார் என்று சொல்லாவிட்டால் அது தப்பித்த கதையே இல்லை. பிலடெல்பியா பக்கம் ஒரு வாரக் கடைசித் தமிழ் வகுப்பில் கதை நேரம் என் பொறுப்பு, அதனால் கொஞ்சம் அனுபவத்தில் சொல்கிறேன். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று நாம் நினைக்கும் இடம் ஒன்று, அவர்கள் உண்மையில் நின்று கேள்வி கேட்கும் இடம் வேறொன்று. ஹென்றி 'பாக்ஸ்' பிரவுன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரத்தில் புகையிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அடிமை. 1849 மார்ச் 23 அன்று தன்னை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து ஆணி அடிக்கச் சொல்லி, அடிமை முறை இல்லாத வடக்கு நகரமான பிலடெல்பியாவுக்குப் பார்சலாகப் போனார். பெட்டி 3 அடி நீளம், 2 அடி 8 அங்குலம் ஆழம், 2 அடி அகலம். தரையில் டேப் ஒட்டி இந்த அளவைக் காட்டினேன். ஒவ்வொருவராக உள்ளே உட்கார்ந்து பார்த்தார்கள். எட்டு வயதுப் பையனுக்கே முழங்கால் மோவாயில் இடித்தது. பிரவுன் 5 அடி 8 அங்குல உயரம். முதல் கேள்வி என்ன வந்தது தெரியுமா? "ஒண்ணுக்கு வந்தா என்ன பண்ணுவார்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே, அவர் பெட்டிக்குள் இருந்த 27 மணி நேரம் என்பது எவ்வளவு நேரம் என்று விரல் விட்டு எண்ணவும் தொடங்கினார்கள்.

பிப்ரவரி 3

"பெட்டிக் கதையில் சோகம் எங்கே இருக்கிறது, அது ஜாலியான கதைதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சோகம் பெட்டிக்கு முன்னால் இருக்கிறது. பெரும்பாலான படக்கதைகள் அதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன.

பிரவுனுக்கு நான்சி என்று மனைவி, மூன்று பிள்ளைகள், நான்காவது வயிற்றில். நான்சியின் எசமான் வேறொருவர். குடும்பத்தை விற்காமல் இருக்க அந்த எசமானுக்கு பிரவுன் தன் கூடுதல் வேலைக் கூலியிலிருந்து பணம் கட்டிக்கொண்டிருந்தார். பணத்தையும் வாங்கிக்கொண்டு, 1848 ஆகஸ்டில் அவர்களை வட கரோலினாவில் இருந்த ஒரு பாதிரியாருக்கு விற்றுவிட்டார் அந்த ஆள். பிரவுன் காலையில் வேலைக்குப் போனவர், செய்தி கேட்டு ஓடினார். மறுநாள் தெருவோரம் நின்று, சங்கிலியில் நடத்திப்போன கூட்டத்தில் தன் மனைவியைத் தேடிப் பிடித்தார். பிள்ளைகள் வண்டியில். நான்சியின் கையைப் பிடித்தபடி நாலு மைல் தூரம் கூடவே நடந்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

இதைச் சொல்லிவிட்டுப் பெட்டிக்கு வந்தால், அவர் ஏன் அந்தப் பெட்டிக்குள் ஏறத் துணிந்தார் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் வந்தால் அவர் ஏதோ வித்தை காட்டியவர் மாதிரி ஆகிவிடுகிறார்.

பிப்ரவரி 3, இரவு

விட்டுப்போனவை சில. வேலைக்குப் போகாமல் இருக்கக் காரணம் வேண்டும் என்று பிரவுன் தன் கையில் கந்தக அமிலத்தை ஊற்றிக்கொண்டார், எலும்பு தெரியுமளவு புண்ணானது. ஏழு வயதுக்கு "கையைத் தானே புண்ணாக்கிக்கொண்டார்" என்பது போதும். ஜேம்ஸ் ஸ்மித் என்ற சுதந்திரக் கருப்பரும், சாமுவேல் ஸ்மித் என்ற வெள்ளைக்காரச் செருப்புத் தொழிலாளியும் உதவினார்கள். பெயர் ஒன்றானாலும் உறவு இல்லை. உள்ளே கொஞ்சம் பிஸ்கட், ஒரு தோல்பையில் தண்ணீர். 'இந்தப் பக்கம் மேலே' என்று பெட்டியில் எழுதியிருந்தும் யார் பார்த்தார்கள். நீராவிப் படகில் தலைகீழாக வைத்துவிட்டார்கள். கண் பிதுங்கி வருவது போல இருந்தது, செத்தே போவோம் என்று நினைத்தேன் என்று அவரே பிறகு எழுதினார். அப்போது உட்கார இடம் தேடிய இரண்டு பயணிகள் பெட்டியைப் புரட்டிப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்கள். அப்படித்தான் பிழைத்தார்.

இந்த இடத்தில் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். நானும்தான், எத்தனை முறை சொன்னாலும்.

பிப்ரவரி 5

பதின்மூன்று வயது மகன் உள்ள ஒருவர் கேட்டது: "அப்புறம் நான்சியை மீட்டாரா?"

மீட்கவில்லை. நான்சியின் புது எசமான் விலைக்குத் தருவதாகச் சொல்லி அனுப்பியும் பிரவுன் வாங்கவில்லை. கூட இருந்தவர்களுக்கே அது பெரிய வருத்தம். தப்பி வந்தவர்களை வடக்கிலும் பிடித்துத் திருப்பி அனுப்பும் 'தப்பியோடிய அடிமைகள் சட்டம்' 1850-ல் வந்ததும் இங்கிலாந்துக்குப் போய், அங்கே வேறு மணம் செய்துகொண்டார்.

சின்னப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்வதில்லை. பெரிய பிள்ளைகளின் வகுப்பில் சொன்னேன். ஒரு பெண் பிரவுன் மேல் கடுங்கோபப்பட்டாள். இன்னொருத்தி, கையைப் பிடித்து நாலு மைல் நடந்தவர் இப்படிச் செய்வாரா என்று வாதாடினாள். பதிலை நான் தரவில்லை, என்னிடம் தர எதுவுமில்லை. துணிச்சல்காரர் எல்லாவற்றிலும் நல்லவராக இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நாம் பழக்கியிருக்கிறோம், அது உடைவது நல்லது.

அதோடு இன்னொரு வாதத்தையும் அந்த வகுப்பில் வைக்கலாம். பிரவுன் தப்பிய விதத்தை நாடெங்கும் பறைசாற்றினார்கள். தானும் அடிமையாக இருந்து தப்பி வந்த, அடிமை ஒழிப்புப் பேச்சாளர் பிரெடரிக் டக்ளஸ் அதைக் கண்டித்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் வருடம் ஆயிரம் பாக்ஸ் பிரவுன்கள் வந்திருப்பார்களே என்பது அவர் ஆதங்கம். சாமுவேல் ஸ்மித் இன்னும் இருவரைப் பெட்டியில் அனுப்பப் பார்த்தபோது பிடிபட்டு, சிறைக்குப் போனார். ஒரு நல்ல கதையை எப்போது சொல்வது, யாருக்குச் சொல்லாமல் இருப்பது? பன்னிரண்டு வயதுக்காரர்கள் ஒரு மணி நேரம் பேசினார்கள்.

பிப்ரவரி 8

ஹேரியட் டப்மன் 19 முறை போய் 300 பேரை மீட்டார் என்று இங்கே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், பள்ளித் தாள்களிலும் அப்படித்தான் வருகிறது. அந்த எண்கள் அவர் உயிரோடு இருந்தபோதே வந்த ஒரு வாழ்க்கை வரலாற்றில் ஊதிப் போடப்பட்டவை. ஆவணங்களைத் தேடியவர்கள் இன்று சொல்வது சுமார் 13 பயணம், சுமார் 70 பேர். டப்மனே மேடைகளில் 50, 60 பேர் என்றுதான் சொன்னார்.

70 என்றதும் உப்புச்சப்பில்லாமல் போய்விட்டதா? எனக்கு அவர் மேல் மதிப்பு கூடுகிறது. தன் தலைக்கு ஆபத்து என்று தெரிந்தே, தப்பித்து வந்த அதே மேரிலாந்துக்கு, ராத்திரி நீண்டிருக்கும் குளிர்காலத்தில், மறுபடி மறுபடி போனவர். சனிக்கிழமை இரவு கிளம்புவார், ஏனென்றால் காணவில்லை என்ற விளம்பரம் திங்கள்வரை அச்சாகாது. கைக்குழந்தை அழாமல் இருக்க அபின் கலந்த மருந்து கொடுப்பார். சிறு வயதில் ஒரு கண்காணி வேறொருவர் மேல் எறிந்த இரண்டு பவுண்டு எடைக்கல் இவர் தலையில் பட்டதில், நடுவழியில் திடீரென்று தூங்கிப்போகும் கோளாறு இருந்தது. கூட்டிக்கொண்டு வந்தவர்கள் அவர் விழிக்கும்வரை புதரில் காத்திருக்க வேண்டும். சரி, பெரிய எண்தான் வேண்டும் என்றால் அதுவும் உண்டு. 1863 ஜூன் 2, தென் கரோலினாவின் கம்பாஹி ஆற்றில், உள்நாட்டுப் போர் நடுவே ராணுவப் படகுகளுக்கு வழிகாட்டிப் போய், ஒரே இரவில் 700 பேருக்கு மேல் விடுவித்தார்கள். இது ஏன் சுவரொட்டிகளில் வருவதில்லை?

"தாங்கள் அடிமைகள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் இன்னும் ஆயிரம் பேரை மீட்டிருப்பேன்" என்று அவர் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றும் வாசகம் அவருடையது இல்லை. அது அடிமைப்பட்டவர்களை முட்டாளாக்கும் வாசகம். தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

பிப்ரவரி 9

மெத்தை விரிப்பில் ரகசியக் குறி தைத்து வழி காட்டினார்கள் என்ற கைவினைப் பயிற்சியைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆதாரம் கிடையாது. 1999-ல் வந்த ஒரு புத்தகத்துக்குப் பிறகு பரவியது. தைக்கட்டும், அழகான வேலை, ஆனால் வரலாறு என்று சொல்லித் தர வேண்டாம்.

பிப்ரவரி 14

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், எனக்கு மிகவும் பிடித்தவரைப் பற்றி.

பிலடெல்பியாவுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் சுதந்திர மணியைப் பார்க்க வரிசையில் நிற்பார்கள். அந்தக் கட்டடத்தை ஒட்டித்தான் ஜார்ஜ் வாஷிங்டன் ஜனாதிபதியாகக் குடியிருந்த வீடு இருந்தது. வீடு இடிந்துபோய்விட்டது, அந்த இடத்தில் 2010-ல் ஒரு நினைவிடம் அமைத்தார்கள். அங்கே அடிமைகளாக வேலை செய்த ஒன்பது பேரின் பெயர்களைச் சுவரில் செதுக்கினார்கள். அதில் ஒருவர் ஓனா ஜட்ஜ்.

வாஷிங்டனின் மனைவி மார்த்தாவுக்குத் தலை வாரி, துணி எடுத்து வைத்து, எங்கே போனாலும் கூடப் போகிற பெண். நல்ல தையல்காரி. பென்சில்வேனியாவில் 1780-லேயே ஒரு சட்டம் வந்திருந்தது. வெளிமாநிலத்தார் கொண்டுவரும் அடிமை ஆறு மாதம் தொடர்ந்து அங்கே இருந்தால் விடுதலை கேட்கலாம். வாஷிங்டன் என்ன செய்தார்? ஆறு மாதம் முடிவதற்குள் ஆட்களை வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார். அவர்களுக்கும் வெளியே உள்ளவர்களுக்கும் தெரியாதபடி ஏதாவது சாக்குச் சொல்லிச் செய் என்று 1791-ல் தன் செயலாளருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது.

1796-ல் பேத்திக்குத் திருமணப் பரிசாக ஓனாவைத் தரப்போகிறார்கள் என்று தெரிந்தது. குடும்பம் கோடைக்கு வர்ஜீனியா கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. ஓனாவும் மூட்டை கட்டினார், எங்கே போகப்போகிறோம் என்று தெரியாமலே. சாமான்களை முன்கூட்டியே கருப்பின நண்பர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மே 21 அன்று, ஜனாதிபதியும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் இருந்தபோது வாசல் வழியாக நடந்து வெளியே போனார். 'நான்சி' என்ற கப்பலில் ஏறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத். கப்பல் தலைவர் சாகும்வரை அவர் பெயரை ஓனா யாரிடமும் சொல்லவில்லை, தன்னால் அவருக்குத் தண்டனை வரக்கூடாது என்று.

பத்து டாலர் பரிசு என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. ஓடிப்போக எந்தக் காரணமும் இல்லையே என்ற வியப்பும் அதிலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்கு அந்த விளம்பரத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். முகத்தில் புள்ளிகள், கருங்கண், அடர்ந்த கருமுடி என்றெல்லாம் வர்ணனை வரும். ஒரு பெண் எழுந்து, "காரணம் இல்லையா? அவங்களைப் பரிசா குடுத்தாங்களே!" என்றாள். அவளுக்கு ஒன்பது வயது. நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வாஷிங்டன் விடவில்லை. போர்ட்ஸ்மத் சுங்க அதிகாரியை வைத்துப் பேச்சு நடத்தினார். உங்கள் காலத்துக்குப் பிறகு விடுதலை என்று உறுதி தந்தால் வருகிறேன் என்றார் ஓனா. நிபந்தனை பேசுவதா என்று வாஷிங்டன் மறுத்துவிட்டார். 1799-ல் மார்த்தாவின் உறவினர் ஒருவர் வலுக்கட்டாயமாகக் கொண்டுபோக வந்தார். செய்தி முன்பே எட்டிவிட்டதால், அதற்குள் ஓனா பக்கத்து ஊருக்குப் போய்விட்டார். வாஷிங்டன் தன் உயிலில் அடிமைகளை விடுவித்தார் என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். உண்மைதான். ஆனால் ஓனா மார்த்தாவின் முதல் கணவரின் சொத்துக் கணக்கில் இருந்தவர், அதனால் அந்த உயில் அவரைத் தொடவில்லை. 1848-ல் இறக்கும்வரை சட்டப்படி ஓடிப்போன அடிமைதான்.

வயதான காலத்தில் பத்திரிகைக்காரர்கள் தேடிப் போய்க் கேட்டார்கள். ஜனாதிபதி வீட்டில் இருந்ததைவிடக் கஷ்டப்பட்டிருக்கிறீர்களே, வருத்தமில்லையா? இல்லை, நான் சுதந்திரமாக இருக்கிறேன் என்றார்.

இந்தக் கதையில் சாட்டை இல்லை. நல்ல துணி, நல்ல வீடு, நாடே போற்றும் எசமான். அதனால்தான் இதை முதலில் சொல்லுங்கள் என்கிறேன். அடி வாங்கியதால்தான் ஓடினார்கள் என்று பிள்ளைகள் நினைத்துவிடாமல் இருக்க இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 15

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். முதல் நாள் பிரவுனை வைத்து ஆரம்பித்தேன், இப்போது ஓனாவை முதலில் சொல்லுங்கள் என்கிறேன். யோசித்துப் பார்த்தால் ஏழு வயதுக்கு ஓனா, ஒன்பது பத்துக்குப் பெட்டி, அதற்கு மேல் பெட்டியின் மீதிக் கதை. கேள்வி கேட்ட அம்மா, உங்கள் மகளுக்கு இந்த வரிசை பொருந்தும் என்று நம்புகிறேன்.

பிப்ரவரி 19

"எல்லாக் கதையும் ஓடுவதுதானா, எதிர்த்து நின்றவர்களே இல்லையா?" நல்ல கேள்வி.

மாசச்சூசெட்ஸின் ஷெஃபீல்ட். பெட் என்று அழைக்கப்பட்ட அடிமைப் பெண், எழுதப் படிக்கத் தெரியாது. எல்லோரும் சமமாகப் பிறந்தவர்கள் என்று 1780-ல் வந்த மாநில அரசியல் சட்டம் சொல்வது அவர் காதில் விழுந்தது. எசமான் ஆஷ்லியின் வீட்டில்தான் ஊர்ப் பெரியவர்கள் கூடி உரிமைகளைப் பற்றிப் பேசுவார்கள், பேசினவர்களுக்குப் பரிமாறியவர் இவர். எசமானி பழுக்கக் காய்ச்சிய அடுப்புக் கரண்டியை இன்னொருத்தி மேல் ஓங்கியபோது, குறுக்கே கையை நீட்டித் தன் கையில் வாங்கிக்கொண்டார். அந்தத் தழும்பை அவர் மறைக்கவே இல்லை. யாராவது கேட்டால், எசமானியைக் கேளுங்கள் என்பாராம். வழக்கறிஞர் செட்ஜ்விக்கிடம் போய், சட்டம் எனக்கும் தானே என்று கேட்டார். 1781 ஆகஸ்டில் நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தது, 30 ஷில்லிங் நஷ்ட ஈடும் கிடைத்தது. ஆஷ்லி சம்பளத்துக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார், போகவில்லை. எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 20

அப்படியே பூர்வகுடிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொன்கா மக்களை 1877-ல் நெப்ராஸ்காவிலிருந்து தெற்கே விரட்டினார்கள், போன இடத்தில் நோயில் பலர் செத்தார்கள். தலைவர் ஸ்டாண்டிங் பேரின் மகனும் செத்தான், சொந்த மண்ணில் புதையுங்கள் என்று கேட்டுக்கொண்டு. 1879 ஜனவரிக் குளிரில் மகனின் எலும்புகளோடு முப்பது பேர் போல நடந்து வடக்கே போனார்கள். ராணுவம் கைது செய்தது. ஒமாஹா நீதிமன்றத்தில் கையை நீட்டி, இதன் நிறம் உங்கள் கையின் நிறமில்லை, ஆனால் குத்தினால் எனக்கும் வலிக்கும் என்று பேசினார். செவ்விந்தியரும் சட்டத்தின் பார்வையில் 'மனிதர்' என்று நீதிபதி டண்டி தீர்ப்பு எழுதினார். 1879 வரை அதை ஒரு நீதிபதி எழுத வேண்டியிருந்தது என்று சொன்னால் பிள்ளைகள் நம்பவே மாட்டேன் என்கிறார்கள்.

பிப்ரவரி 24

சந்தோஷமான முடிவு வேண்டும் என்று கெஞ்சியவருக்கு, வில்லியம் ஸ்டில். பிரவுனின் பெட்டி திறந்தபோது அடிமை ஒழிப்புச் சங்கத்தின் பிலடெல்பியா அலுவலகத்தில் நின்றிருந்தவர்களில் ஒருவர். 1850-ல் ஒரு நடுத்தர வயது மனிதர் அங்கே வந்தார். பெயர் பீட்டர். சின்ன வயதில் அம்மா இரண்டு பெண் குழந்தைகளோடு தப்பியபோது, தானும் அண்ணன் லெவினும் பின்தங்கிவிட்டதாகவும், நாற்பது வருடத்துக்குப் பிறகு தன் விலையைத் தானே கொடுத்து விடுதலையாகி அம்மாவைத் தேடுவதாகவும் சொன்னார். அப்பா அம்மா பெயரைச் சொன்னதும் வில்லியம் அப்படியே அவரைப் பார்த்தார். அது வில்லியமின் அப்பா அம்மா. எதிரே உட்கார்ந்திருப்பவர் தான் பிறப்பதற்கு முன்பே தொலைந்துபோன அண்ணன்.

அம்மாவும் உயிரோடு இருந்தார்.

அந்த நாளுக்குப் பிறகு, தப்பி வந்த ஒவ்வொருவரின் பெயர், பழைய பெயர், எந்த ஊர், யாரை விட்டுவந்தார்கள் என்று வில்லியம் இன்னும் கவனமாக எழுதி வைத்தார், சொந்தங்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க உதவும் என்று. சிக்கினால் எல்லோருக்கும் ஆபத்தான தாள்கள். ஒளித்து வைத்திருந்து, போர் முடிந்தபின் 1872-ல் புத்தகமாகப் போட்டார். நமக்கு இன்று இத்தனை பேரின் கதை கிடைப்பது அதனால்தான். பீட்டரின் மனைவி, பிள்ளைகள் அலபாமாவில் மாட்டியிருந்தார்கள். அவர்களைக் கூட்டிவரப் போன சேத் கான்க்ளின் என்ற வெள்ளையர் உயிரையே விட்டார். கடைசியில் 5,000 டாலர் சேர்த்து மீட்டார்கள்.

முழுச் சந்தோஷம் இல்லைதான். என்னிடம் இருப்பதில் இதுதான் நெருக்கம்.

மார்ச் 1

"இதெல்லாம் கருப்பர்கள் கதை, நம் பிள்ளைகளுக்கு எதற்கு" என்று எழுதியவருக்கு நேராகவே பதில் சொல்கிறேன். 1946-க்கு முன் இந்தியர் இங்கே குடியுரிமை பெறுவது ஏறக்குறைய முடியாத காரியம். அதன் பிறகும் வருடத்துக்கு 100 பேர்தான் குடியேறலாம். 1965 அக்டோபர் 3 அன்று ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. 1964-ல் குடிமை உரிமைச் சட்டம், 1965-லேயே வாக்குரிமைச் சட்டம். தெருவில் போலீஸ் நாய்களையும் தண்ணீர்ப் பீரங்கியையும் எதிர்கொண்டு கருப்பின மக்கள் நாட்டின் மனசாட்சியை உலுக்காமல், இன அடிப்படையிலான அந்த ஒதுக்கீடு அப்போது விழுந்திருக்காது. நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்து தமிழில் தட்டச்சு செய்வதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது தெரியத்தான் வேண்டும்.

மார்ச் 4

கடைசியாக ஒரு வேண்டுகோள். எல்லாக் கதையிலும் வடக்கே போகிறார்கள். டெக்சாஸில் இருந்தவர்கள் தெற்கே, ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டி மெக்சிகோ போனார்கள், மெக்சிகோ 1829-லேயே அடிமை முறையை ஒழித்துவிட்டது. என் வகுப்பில் ஒரு பையன் வரைபடத்தைப் பார்த்து, "டெக்சாஸ்லருந்து கனடா எவ்ளோ தூரம், கீழ போனா பக்கம்தானே" என்று கேட்டதிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். பெரியவர்களுக்கான நூல்கள் கிடைக்கின்றன, எட்டு வயதுக்குச் சொல்லும்படி ஒரே ஒரு மனிதரின் முழுக்கதை வேண்டும். ஹூஸ்டன், டாலஸ் பக்கம் இருப்பவர்கள் நூலகத்தில் எதையாவது பார்த்திருந்தால் இங்கே எழுதுங்கள், அடுத்த மாதக் கதை நேரத்துக்குள் வேண்டும்.